ஒரே வேலைக்கு இரண்டு பெயர்

மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் அங்கத்தினருக்கு விளக்க வேண்டுவதில்லை. வியாபாரி மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பார். இழையின் நீளத்தைப் பார்ப்பார். ஈரமும் தூசியும் எவ்வளவு என்று பார்ப்பார். பின்னர் விலை கூறுவார். அதனை விளைவித்தவர் ஆணா, பெண்ணா, எந்தக் குலத்தவர், எந்த ஊரினர் என்று தராசு கேட்பதில்லை. சரக்கின் குணத்துக்கு ஏற்ற விலை என்பதே அங்குள்ள நியாயம். ஆனால் அந்தப் பருத்தியைக் காட்டிலே குனிந்து எடுத்தவருக்குக் கூலி பேசும்போதும், அது நூலாகித் துணியாகித் திருப்பூரில் பனியனாகும் வேளையில் மிஷின்முன் அமர்ந்திருப்பவருக்குச் சம்பளம் பேசும்போதும், இந்த நியாயம் பல சமயங்களில் மறைந்துபோகிறது. வேலையின் குணத்தைப் பாராமல், வேலை செய்பவர் யார் என்று பார்க்கும் வழக்கம் தலைகாட்டுகிறது. இதனையே பாகுபாடு என்கிறோம்.

காட்டையும் தறியையும் மட்டுமே நம்பியிருந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒருவரேனும் வெளியே சம்பளத்துக்குச் சென்று வருகின்றனர். மூலனூரிலும் கன்னிவாடியிலும் வெள்ளகோவிலிலும் விடியற்காலையில் நூல் ஆலைக்கும் பனியன் கம்பெனிக்கும் செல்லும் வண்டிகளில் ஏறுவோர் நம் அங்கத்தினரின் மனைவியரும் மக்களுமே ஆவர். ஆகையால் இது ஆலைத் தொழிலாளரின் விஷயம், நமக்கு இதில் என்ன வேலை என்று விவசாயியும் நெசவாளியும் ஒதுங்கியிருக்க இயலாது. மேலும், நம் சங்கங்களே சிலருக்குச் சம்பளம் கொடுக்கும் எஜமானர்களாகவும் இருக்கின்றன. அந்த வகையிலும் நாம் இதனை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். சம்பளத்தில் காணும் வேற்றுமை யாவும் பாகுபாடு ஆகாது. பத்து ஆண்டுகள் ஓவர்லாக் மிஷினில் பழகியவருக்கும் நேற்று வந்தவருக்கும் கூலி வேறுபடலாம். அதிக உருப்படி தைத்தவர் அதிகம் பெறலாம். வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணம் ஒன்று கூலியையோ, நியமனத்தையோ, பதவி உயர்வையோ, மரியாதையையோ தீர்மானிக்குமாயின் அங்கேதான் குற்றம் தொடங்குகிறது. பால், சாதி, மதம், ஊர், மொழி, ஊனம், திருமணம், கருவுற்றிருத்தல் ஆகியன அத்தகைய காரணங்கள்.

பெயரில் ஒளிந்திருப்பது

இக்காலத்தில் எந்த முதலாளியும் "நீ பெண், ஆகவே உனக்குக் குறைவு" என்று எழுதிக் கொடுப்பதில்லை. அவ்வளவு வெளிப்படையாக இருந்தால் வழக்கு ஒரே நாளில் முடிந்துவிடும். பாகுபாடு பெரும்பாலும் வேலைக்கு இடும் பெயரில் ஒளிந்துகொண்டிருக்கிறது. திருப்பூர்ப் பனியன் தொழிலில் கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என ஒரு வரிசை உண்டு. செக்கிங், கைமடி, லேபிள், டேமேஜ் என மற்றொரு வரிசை உண்டு. தொடக்க காலத்தில் இத்தொழிலில் ஆண்களே மிகுதி. 1980-களில் ஏற்றுமதி பெருகியபோதுதான் பெண்கள் பெருந்தொகையினராக உள்ளே வந்தனர். வந்தவர்களுள் மிகப் பலர் இரண்டாவது வரிசையிலேயே நிறுத்தப்பட்டனர். அவ்வேலைகளுக்குப் பொதுவாக "உதவி" என்று பெயர். கூலியும் அப்பெயருக்கு ஏற்றதே. ஆயிரம் உருப்படியில் ஒரு தையல் விட்டிருப்பதைக் கண்ணாலே கண்டுபிடிக்கும் திறமை ஏன் உதவி வேலையாயிற்று என்று கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்பதைத் தவிர வேறு விடை வருவதில்லை. இன்னும் ஒரு வகையும் உண்டு: ஹெல்பர் என்று சேர்க்கப்பட்ட பெண் இரண்டு ஆண்டுகளில் மிஷினில் அமர்ந்துவிடுகிறாள், சம்பளப் புத்தகத்தில் மட்டும் ஹெல்பராகவே இருக்கிறாள்.

கூலி உயர்வு ஒப்பந்தம் வந்தால் இவ்வேற்றுமை சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 100 ரூபாய், மற்றவருக்கு 70 ரூபாய் என்று கொள்வோம். இருவருக்கும் நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தினால் முன்னவர் 120 பெறுவார், பின்னவர் 84 பெறுவார். 30 ரூபாயாக இருந்த இடைவெளி 36 ரூபாயாகிவிட்டது! உயர்வு இருவருக்கும் சமம் என்று கை தட்டிவிட்டு வருகிறோம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து காட்டிய ஊர் திருப்பூர். அங்குள்ள தொழிற் சங்கங்களுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எனினும் எத்தனை சதவீதம் என்று பேசும் மேஜையில், எந்த வேலை எந்த வரிசையில் நிற்கிறது என்பதையும் பேச வேண்டும் என்பது நம் கருத்து.

வேலையின் பெயரை மாற்றிவைத்துக் குறைந்த கூலி கொடுக்கும் தந்திரம் நம் நாட்டின் உச்ச நீதி மன்றம்வரை சென்று தோற்றிருக்கிறது. அவ்வழக்கு ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டியது. பம்பாயில் மக்கின்னன் மெக்கன்சி என்ற பெரிய கப்பல் கம்பெனி இருந்தது. அதில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தவர் ஆட்ரி டி கோஸ்டா என்னும் பெண்மணி. பெரிய அதிகாரிகளிடம் பணியாற்றிய பெண் சுருக்கெழுத்தாளருக்கு "அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்" என்று பெயர் வைத்து, பொதுவில் பணியாற்றிய ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைவாகவே கம்பெனி சம்பளம் கொடுத்து வந்தது. 1975-ஆம் ஆண்டு, சர்வதேசப் பெண்கள் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, நம் அரசாங்கம் சம ஊதிய அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அது 1976-இல் சட்டமாயிற்று. 1977-இல் வேலையினின்று நீக்கப்பட்ட அந்த அம்மையார், வேலை செய்த காலத்துக்கு உரிய வேற்றுமைத் தொகையைக் கேட்டு மனுச் செய்தார்.

கம்பெனி கூறிய சமாதானங்கள் மூன்று. அந்தரங்க வேலை வேறு, பொது வேலை வேறு என்பது ஒன்று. இச்சம்பளம் தொழிற் சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படியே கொடுக்கப்படுகிறது என்பது இரண்டாவது. சமமாகக் கொடுக்கக் கம்பெனிக்குச் சக்தியில்லை என்பது மூன்றாவது. வழக்குப் படிப்படியாக ஏறி, 1987-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உச்ச நீதி மன்றத்தில் முடிந்தது. மூன்றையும் நீதி மன்றம் தள்ளியது. வேலையின் பெயரைப் பார்க்கக் கூடாது, உள்ளபடி செய்யும் கடமைகளைப் பார்க்க வேண்டும். சிறுசிறு வேற்றுமைகளைப் பெரிதாக்கக் கூடாது. சங்கம் கையெழுத்திட்டதாலேயே சட்டவிரோதமானது நியாயமாகிவிடாது. சக்தியில்லை என்பதைக் காட்டிச் சட்டத்தை மீற இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்தரங்க வேலைக்கு ஆண்களையே நியமிக்காமல் இருந்ததன் மூலம்தான் இவ்வேற்றுமை உண்டாக்கப்பட்டது என்பதையும் நீதிபதிகள் கவனித்தனர். வேலையை இழந்து பத்து ஆண்டுகள் ஆன பின்னரும் விடாது நின்ற அந்த ஒரு பெண்மணியால், இந்நாட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் ஓர் அளவுகோல் கிடைத்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தந்திரம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்னும் ஊரில் ஃபோர்டு மோட்டார் ஆலை இருந்தது. காரின் ஆசன உறைகளைத் தைக்கும் வேலை பெண்களுடையது. திறமைத் தேர்வு வைத்துத்தான் அவர்களைச் சேர்த்தார்கள். சேர்த்த பின்போ, திறன் குறைந்தோர்க்கான "பி" வகுப்பில் வைத்தார்கள். அந்த வகுப்பிலும் ஆணுக்குக் கொடுத்ததில் நூற்றுக்கு 85 பங்கே பெண்ணுக்கு. 1968 ஜூன் 7-ஆம் தேதி 187 பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியேறினர். உறையில்லாத ஆசனத்தைக் காரில் பொருத்த முடியுமா? மூன்று வாரத்துக்குள் ஆலையே நின்றுபோகும் நிலை வந்தது. மந்திரி பார்பரா காசில் அம்மையார் அவர்களை அழைத்துப் பேசினார். கூலி 92 பங்காக உயர்ந்தது. அதன் பயனாக 1970-இல் இங்கிலாந்தில் சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அப்பெண்கள் முதலில் கேட்டது கூலி உயர்வு அன்று. தங்கள் வேலையைத் திறனுள்ள "சி" வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதே. அது கிடைக்க மேலும் 16 ஆண்டுகளும் 1984-இல் மற்றொரு வேலைநிறுத்தமும் தேவைப்பட்டன. கூலியைக் கொஞ்சம் ஏற்றித் தர ஒப்புக்கொள்ளும் எஜமானர்கூட, வேலையின் பெயரை மாற்ற எளிதில் இணங்குவதில்லை. திருப்பூரில் தையல் மிஷின்முன் அமரும் நம் பெண்மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

இப்போதுள்ள சட்டம்

1976-ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியே நடைமுறையில் இல்லை. அதுவும், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முதலிய வேறு மூன்று சட்டங்களும் சேர்க்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பாக ஆக்கப்பட்டன. இத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தொழிற் சங்கங்களுக்குப் பல மனக்குறைகள் உண்டு. அவற்றை இங்கு விவாதிக்கப் புகவில்லை. பாகுபாட்டைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரே எஜமானரிடம் ஒரே வேலையையோ ஒத்த தன்மையுள்ள வேலையையோ செய்பவரிடையே பால் காரணமாகக் கூலியில் வேற்றுமை காட்டக் கூடாது என்று அதன் 3-ஆவது பிரிவு கூறுகிறது. ஆள் சேர்ப்பதிலும் அப்படியே. பெண்களை அமர்த்தச் சட்டமே தடை விதித்துள்ள வேலைகள் மட்டும் விலக்கு. ஒத்த வேலை என்பது யாது? திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் சூழ்நிலை ஒத்திருக்க வேண்டும். அந்நான்கில் உள்ள வேற்றுமை நடைமுறையில் பொருட்படுத்தத் தக்கதாயில்லையெனில் அது ஒத்த வேலையே. இரண்டு வேலைகள் ஒத்தவையா, இல்லையா என்று தகராறு வந்தால் அதைத் தீர்க்க அரசு அறிவிக்கும் அதிகாரி ஒருவர் உண்டு. முதலாளியும் மேஸ்திரியும் சொல்வது முடிவாகிவிடாது. ஆண் தொழிலாளர் கவனிக்க வேண்டிய ஷரத்து ஒன்றும் இருக்கிறது: சமப்படுத்துகிறேன் என்று சொல்லி யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது. "அவளுக்கு உயர்ந்தால் எனக்கு இறங்கும்" என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை.

கூலி குறைவாகக் கொடுக்கப்பட்டது என்று மனுச் செய்ய இப்போது மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியைப் பொறுத்தவரையில் முன்னர் இது ஆறு மாதமே. மனுவைத் தொழிலாளியும் கொடுக்கலாம், அவர் உறுப்பினராக உள்ள தொழிற் சங்கமும் கொடுக்கலாம். உரிய கூலியைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு எஜமானருடையது. குறைந்த தொகையோடு பத்து மடங்குவரை நஷ்டஈடும் விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டமாகியிருக்கிறது. இச்சீட்டு மிக முக்கியமானது. சனிக்கிழமை மாலையில் உறையில் வைத்துக் கொடுக்கும் பணத்தை எண்ணிக்கொண்டு வருவதோடு நில்லாமல், சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் வேலையின் பெயர் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்னர்க் கூறிய தந்திரம் அங்கேதான் எழுத்தில் அகப்படும்.

ஆள் சேர்ப்பதில் நேரும் பாகுபாட்டைப் பற்றி ஒரு சொல். நூல் ஆலைகள் பல ஒரு காலத்தில் திருமணமாகாத பெண்களையே தேடிச் சென்று, மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று அழைத்துச் சென்றதை நம் வட்டாரம் மறந்திருக்காது. "சுமங்கலி" என்ற மங்கலச் சொல் அதனால் அவப்பெயர் அடைந்தது. 2024 ஜூன் மாதத்திலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டும் ஆலையில் திருமணமான பெண்கள் வேலைக்கு ஒதுக்கப்படுவதாக ராய்ட்டர் செய்தி ஸ்தாபனம் எழுதியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. எது எப்படியாயினும், ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கிறதா என்பது அவள் கைவேலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சமையற்கூடத்தில் நடந்தது

இனிச் சாதியைப் பற்றிப் பேசுவோம். இதைத் தொடாமல் பாகுபாட்டைப் பற்றி எழுதுவது அரைகுறையாகும். நம் மாவட்டத்திலேயே, அவிநாசி வட்டத்தில் சேவூர் அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலை மாதத்தில் நடந்ததை யாவரும் அறிய வேண்டும். அருந்ததியர் வகுப்பைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் அப்பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குச் சமையலராக மாற்றப்பட்டு வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று ஊரில் சிலர் திரண்டு வந்து தகராறு செய்தனர், பள்ளியையும் பூட்டினர். அதிகாரிகள் செய்தது யாது? தகராறு செய்தவர்மீது நடவடிக்கை எடுப்பதற்கு மாறாக, அச்சமையலரையே அங்கிருந்து மாற்றி உத்தரவிட்டனர். இதைக் கண்டித்துக் கிளர்ச்சி எழுந்த பின்னரே உத்தரவு ரத்தாயிற்று. அவர் அப்பள்ளியிலேயே பணியைத் தொடர வழி பிறந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2025 நவம்பர் மாதத்தில் திருப்பூர்த் தனி நீதி மன்றம் ஆறு பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, இரண்டாண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஏனையோர் விடுதலையாயினர்.

ஏழு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குச் செல்லும் காலம். அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற தீர்ப்பு அது. எனினும் இவ்வழக்கில் நாம் மிகுதியாகக் கருத வேண்டியது தண்டனையைக் காட்டிலும் அந்த முதல் மாற்றல் உத்தரவேயாகும். ஊர் அமைதிக்காகத்தானே என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். துன்பம் இழைத்தவர் இருந்த இடத்திலேயே இருக்க, துன்புற்றவர் மூட்டை கட்டுவதற்கு அமைதி என்று பெயரிடுகிறோம். ஆலைகளிலும் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இதே முறை நடக்கிறது. புகார் கொடுத்தவரை வேறு செக்ஷனுக்கு மாற்றுவது, இரவு ஷிப்டுக்கு அனுப்புவது, "நீ சண்டைக்காரி" என்று பெயர் வைப்பது ஆகியவை யாவும் இரண்டாவது பாகுபாடு. பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அறிந்தே, விசாரணைக் காலத்தில் அப்பெண்ணுக்கு இட மாற்றம் வேண்டுமானால் அவளே எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்று வரையறுத்துள்ளது.

தீண்டாமை அரசியலமைப்பின் 17-ஆவது ஷரத்தினால் ஒழிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பிறரைப் போல ஒரு தொழிலையோ வேலையையோ செய்வதைத் தடுப்பது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இச்சட்டம் தனியார் கம்பெனிக்கும் பொருந்தும். ஆயினும் ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 15, 16-ஆவது ஷரத்துகளில் கூறிய சமத்துவம் பெரும்பாலும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. தனியார் முதலாளி எந்தக் காரணத்தாலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று யாவற்றையும் ஒருங்கே அடக்கிய பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. வேலை வாய்ப்பிலும் தொழிலிலும் பாகுபாடு கூடாது என்னும் 1958-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் ஸ்தாபன உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றுக்கொண்டது. ஏற்றதற்கு ஏற்ற முழுச் சட்டம் இன்னும் வரவில்லை. ஊனமுற்றோருக்கு 2016-இலும் திருநருக்கு 2019-இலும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ஆகவே எந்தக் குறைக்கு எந்தச் சட்டம் என்று தேடித்தான் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

மேஸ்திரியின் கை

பெண் தொழிலாளர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் துன்பம் ஒன்று உண்டு. மேற்பார்வையாளரின் தகாத பேச்சும் நடத்தையும் வேலையின் ஒரு பகுதி என்றே பலர் சகித்துக்கொள்கின்றனர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற ராஜஸ்தான் கிராம ஊழியர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் பின், 1997-இல் உச்ச நீதி மன்றம் விசாகா வழக்கில் விதிகளை வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேரேனும் பெண்களாகவும், ஒருவர் வெளியாராகவும் இருத்தல் வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடமாயின் மாவட்ட அளவில் உள்ள கமிட்டியிடம் செல்லலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். கமிட்டி அமைக்காத எஜமானருக்கு 50,000 ரூபாய்வரை அபராதம்.

காகிதத்தில் கமிட்டி வைத்திருப்பது எளிது. 2021 ஜனவரியில், திருப்பூர் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த, திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள நாச்சி அப்பாரல் ஆலையில் பணிபுரிந்த இளம் தலித் பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அப்பெண் உறுப்பினராயிருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் பெண்களால் நடத்தப்படும் தொழிற் சங்கம். அது ஓராண்டுக்கு மேல் போராடி, வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையுடன், 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்டு எம் என்னும் ஆடைக் கம்பெனியோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் வேறு சில பெரிய கம்பெனிகளும் சேர்ந்தன. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் அது தடை செய்தது. தொழிலாளருள்ளிருந்தே சிலரைப் பயிற்றுவித்து, ஆலைக்குள் நடப்பதைக் கவனித்துச் சொல்ல ஏற்பாடு செய்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றது. ஆலை மீறினால் துணி வாங்கும் கம்பெனி தன் ஆர்டரைக் கொண்டு தண்டிக்கும் என்பதே அதன் பலம். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அவ்வாலையின் சரக்கை நிறுத்தியது. ஒப்பந்தப்படி செய்யப்பட்ட சீர்திருத்தங்களை ஏற்றுச் செப்டம்பரில் தடையை நீக்கியது. ஓர் உயிர் போன பின்னர்தானா இவ்வளவும் என்ற வருத்தம் நமக்கு உண்டு.

கர்ப்பிணிப் பெண்ணை வேலையினின்று நீக்குவது பழைய வழக்கம். கடந்த 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருந்தால், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அக்காலத்தில் நீக்குவது சட்டவிரோதம். "தினக்கூலிக்கு இது கிடையாது" என்று யாரேனும் சொன்னால், டில்லி நகரசபையின் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்ததை அவர்களுக்குச் சொல்லலாம்.

வட மாநிலங்களிலிருந்து திருப்பூர் வந்து வேலை செய்வோரையும் மறக்கலாகாது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ப் படங்கள் பரவியபோது, பலர் பயந்து ஊர் திரும்ப முற்பட்டதைக் கண்டோம். மொழி தெரியாத ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்க முடியுமானால், அந்தக் குறைந்த கூலியே நாளை உள்ளூராருக்கும் அளவாகிவிடும்.

நம் சங்கங்களின் வாசலில்

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நம் வீட்டைப் பாராதிருப்பது தகுமா? 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேலை இடம் என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுத்தர், விற்பனையாளர், துப்புரவுப் பணியாளர், காவலர் எல்லோரையும் சேர்த்து 10 பேரை எட்டும் சங்கம் ஒவ்வொன்றிலும் கமிட்டி உண்டா, அதன் உறுப்பினர் பெயர் பலர் பார்க்கும் இடத்தில் எழுதி வைத்திருக்கிறதா என்று நிர்வாகிகள் பார்க்க வேண்டும். ஆண் எழுத்தருக்கும் பெண் எழுத்தருக்கும், ஆண் விற்பனையாளருக்கும் பெண் விற்பனையாளருக்கும் கொடுக்கும் சம்பளத்தை ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது.

நெசவாளர் சங்கங்களுக்கு மற்றொரு கேள்வி. 2019-20-இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அவர்கள் கையிலேயே பெரிதும் இருக்கின்றன. பலர் நெய்யவும் செய்கின்றனர். ஆயினும் வீட்டுக்கு ஒரு தறி, தறிக்கு ஓர் அங்கத்தினர் என்று புத்தகம் எழுதும்போது ஆடவர் பெயரே ஏறுகிறது. கூலி அவர் பெயரில், சேமிப்பு அவர் பெயரில், ஓய்வூதிய மனுவும் அவர் பெயரில். இங்கும் வேலை ஒன்று, பெயர் மற்றொருவருடையது. தறியில் உண்மையாகவே உழைப்பவரைத் தனி அங்கத்தினராகச் சேர்ப்பதற்குத் துணை விதிகளில் தடை இருக்குமாயின், பேரவைக் கூட்டத்தில் அதைத் திருத்த யார் தடுக்கிறார்கள்?

விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பருத்தி எடுப்பதும் களை வெட்டுவதும் பெண் வேலை, மருந்தடிப்பதும் மூட்டை ஏற்றுவதும் ஆண் வேலை என்று பிரித்துக் கூலி பேசுகிறோம். வேலை உண்மையாகவே வேறானால் கூலி வேறாகலாம். ஆனால் ஒரே காட்டில், ஒரே பாத்தியில், இருவரும் சேர்ந்து களை எடுக்கும் நாளிலும் இரண்டு கூலி கொடுப்பது எப்படி? 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி நூறு நாள் வேலை நடந்தபோது, குளத்து மண்ணை வெட்டிய ஆணுக்கும் சுமந்த பெண்ணுக்கும் ஒரே கூலி வீதம் கொடுக்கப்பட்டது. அதனால் ஆள் கிடைப்பதில்லை என்று நம்மில் பலர் குறைபட்டுக்கொண்டோமேயன்றி, பெண்கள் ஏன் அங்கே விரும்பிச் சென்றார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இறுதியாகப் புகார் எழுதும் முறை. வாயால் சொன்னது காற்றோடு போகும். என்ன வேலை, எந்த மிஷின், எந்தத் தேதியிலிருந்து, பக்கத்தில் அதே வேலையைச் செய்பவர் யார், அவருக்கு என்ன, தமக்கு என்ன என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். நியமனக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றின் நகலைச் சேர்க்க வேண்டும். கூடுமானால் ஒத்த நிலையில் உள்ள பலர் சேர்ந்து கையெழுத்திடுவது நலம். தனியொருவரை நீக்குவது எளிது, பத்துப் பேரை நீக்குவது எளிதன்று. மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புதல் பெற வேண்டும். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கூலிக் குறை தொழிலாளர் துறைக்கும், பாலியல் தொல்லை கமிட்டிக்கும், சாதிக் கொடுமை காவல் நிலையத்துக்கும் செல்ல வேண்டியவை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மூலனூர் வட்டாரத்தார் அதற்காகத் திருப்பூர்வரை செல்ல வேண்டியதில்லை. தாராபுரம் நீதி மன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அங்கே எழுதிக்கொள்வார்கள்.